மூன்று முறை கட்டிய சந்தை

ஒரு கடைத்தெருவை நான் மூன்று முறை கட்டினேன். சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், ஏறத்தாழ அறுபது பேர் வேலை பார்த்த ஒரு கேம் ஸ்டுடியோவில், நான்கு ஆண்டுகள் என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்ட்டாக இருந்தேன். ஆட்டக்காரர் நடந்துபோகும் தெரு, அவர் ஒளிந்து நிற்கும் சுவர், தூரத்தில் நீலமாகத் தெரியும் மலை ஆகியவற்றைக் கணினியில் உருவாக்குவது அந்த வேலை. நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு கற்பனைத் துறைமுக நகரில் நடக்கும் இணைய விளையாட்டு. நகரின் நடுவே ஒரு சந்தை வேண்டும் என்றார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் முளைக்கும் தற்காலிகக் கடைகளின் நெருக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அதை அமைத்தேன். தலையை உரசும் துணிப்பந்தல், எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் ஒதுங்கியே தீர வேண்டிய அகலம், ஒரு மூலையில் பூக்கட்டும் பெண்ணின் முக்காலி. அந்த முக்காலிக்கு மட்டும் மூன்று நாள் செலவழித்தேன். மொத்தம் ஏழு வாரம் பிடித்தது.

எங்கள் படைப்பு இயக்குநர் அதை ஐந்து நிமிடம் சுற்றிப் பார்த்தார். ஆட்டக்காரர்கள் குதிரையில் வரப்போகிறார்கள், தெரு அகலமாக வேண்டும் என்றார். அகலப்படுத்தினால் நெருக்கம் போய்விடும், நெருக்கம் போனால் அது சந்தையாக இராது என்பதால் முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டாவது சந்தை முடியும் தறுவாயில், நகரமே இனி நீரில் மிதக்கும் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. படகுகளின் மேல் மூன்றாவது சந்தையைக் கட்டினேன். அதை அவர் பார்க்கவே இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தபோது, சந்தை இருந்த கோப்புறை பயன்படாதவற்றோடு சேர்க்கப்பட்டிருந்தது. நகரம் கைவிடப்பட்டது, ஆட்டம் இனி ஒரு மூடிய களத்துக்குள் நடக்கும் சண்டையாக இருக்கும் என்பதை மதிய உணவின்போது பக்கத்து மேசையில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நான்காம் ஆண்டின் முடிவில் முதலீட்டாளர்கள் விலகினார்கள். ஆட்டம் வெளிவரவில்லை. வேலை போன வாரம், தெம்பனிஸ் வீட்டுச் சமையலறையில் அம்மா கேட்டார்: “நாலு வருஷமா ராத்திரி பகலா என்னதான்மா செஞ்சே? ஒன்னே ஒன்னு காட்டு, பாக்கலாம்.” ஒப்பந்தப்படி நான் எதையும் காட்டக்கூடாது. காட்டலாம் என்றிருந்தாலும், கடைசி வடிவத்தில் என் கைபட்டது எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. கைபேசியில் இருந்த கேம்பல் லேன் படங்களைக் காட்டி, இப்படி ஒன்றைச் செய்தேன் என்று மட்டும் சொன்னேன்.

அந்த நாளிலிருந்து, பெரும் ஆசையோடு தொடங்கப்பட்டுச் சரிந்த விளையாட்டுகளைப் பற்றி விடாமல் படித்துவருகிறேன். பணம் போதவில்லை, காலம் போதவில்லை, செய்தவர்களுக்குத் திறமை போதவில்லை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் காரணம் சொல்கிறார்கள். உள்ளே இருந்தவர்கள் பின்னாளில் சொன்னவற்றைக் கேட்டால் வேறொன்று திரும்பத் திரும்ப வருகிறது. ‘இந்த ஆட்டத்தில் ஆட்டக்காரர் என்ன செய்யப்போகிறார்?’ என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய பொறுப்பில் இருந்தவர், அதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டிருப்பார். கையில் காசு குறைவாக உள்ளவர் ஆறாம் மாதத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். நிறைய உள்ளவரால் ஆறு ஆண்டுகள் தள்ளிப்போட முடிகிறது. அந்த ஆறு ஆண்டுகளும் செய்கிறவர்களின் ஆயுளிலிருந்து கழிகின்றன.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். பிரான்சின் விளையாட்டு நிறுவனமான யூபிசாஃப்ட் 2008இல் சிங்கப்பூரில் ஸ்டுடியோ திறந்தது. அசாசின்ஸ் கிரீட் ஆட்ட வரிசையின் கடற்போர்ப் பகுதிகள் அந்த ஸ்டுடியோவுக்குப் பெயர் வாங்கித் தந்தன. 2013இல் வெளிவந்த பிளாக் ஃபிளாக் ஆட்டத்தில் கப்பலின் முகப்பில் அலை மோதிச் சிதறுவதைப் பார்த்து, இதைச் செய்தவர்கள் எம்ஆர்டி ரயிலில் என்னோடு பயணம் செய்பவர்களாக இருக்கலாம் என்று நினைத்துப் பெருமைப்பட்டவள் நான். அந்தக் கடற்போரைத் தனியாக விரித்து ஓர் இணையப் பகுதியாகச் செய்யலாம் என்ற எண்ணமே, வளர்ந்து வளர்ந்து ஸ்கல் அண்ட் போன்ஸ் என்ற தனி ஆட்டமானது. சிங்கப்பூர் ஸ்டுடியோ தலைமை தாங்கிச் செய்த முதல் பெரும் படைப்பு அது. 2017 ஜூனில் ஈ3 கண்காட்சியில் அறிவித்தார்கள். 2018இல் வரும் என்றார்கள். தள்ளித் தள்ளிப் போய் 2024 பிப்ரவரி 16ஆம் தேதிதான் வந்தது.

இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதைக் கோட்டாக்கு இதழ் 2021இல் விரிவாக எழுதியது. அதற்குள் 120 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் செலவாகியிருந்தது என்றும், மேலிருப்பவர்கள் மாற மாற ஆட்டத்தின் களமும் நோக்கமும் மாறின என்றும், ஆட்டக்காரர் கப்பலா அல்லது கப்பலில் நிற்கும் கொள்ளையரா என்ற அடிப்படைக் கேள்வியே நெடுங்காலம் முடிவாகவில்லை என்றும் அக்கட்டுரை கூறியது. சிங்கப்பூர் அரசின் மானிய ஏற்பாட்டின்படி இங்கிருந்து புதிய ஆட்டம் ஒன்றை வெளியிட வேண்டிய கடப்பாடு இருந்ததால் திட்டத்தைக் கைவிடவும் இயலவில்லை என்பது அந்தச் செய்தியில் என்னை மிகவும் உறுத்திய பகுதி. மானியம் தருவது தவறென்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்ட உதவிகள் இல்லாமல் இத்தனை சிறிய ஊரில் இந்தத் தொழில் வேர் பிடித்திருக்காது. ஆனால் நிறுத்தவும் முடியாது, முடிவெடுக்கவும் ஆள் இல்லை என்ற நிலை, வேலை செய்பவர்களுக்கு எப்படிப்பட்டது என்பதை நான் அறிவேன். கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. எந்தக் கரைக்கு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

வெளிவந்த வாரமே வாங்கி விளையாடினேன். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கிழக்கிந்தியத் தீவுகள் வரை விரியும் இந்தியப் பெருங்கடல்தான் களம். அதாவது நம் முன்னோர் வந்த கடல். அந்த நீரின் வேலைப்பாட்டில் இன்னும் குறை காண முடியாது. ஆனால் எதிரிக் கப்பலை நெருங்கி அதன்மேல் தாவும் தருணம் வந்தால், ஒரு சிறு காட்சி ஓடி முடிந்துவிடுகிறது. வாளெடுத்துச் சண்டையிட அப்போது வழியில்லை. கரையில் சில குடியிருப்புகளில் மட்டும் இறங்கி நடக்கலாம். ஆட்டக்காரர்தான் கப்பல் என்று இறுதியில் முடிவாகியிருக்கிறது. அது தவறான முடிவென்று நான் நினைக்கவில்லை. அதை மட்டுமே வைத்துக்கூட நல்ல ஆட்டம் செய்யலாம். 2014இல் எடுத்திருந்தால் பத்தாண்டு உழைப்பும் அந்த முடிவைச் செறிவாக்கியிருக்கும். விலையைப் பற்றிய கேள்விக்கு யூபிசாஃப்ட் தலைவர் ஈவ் கியெமோ, இது பெருஞ்செலவு ஆட்டங்களைக் குறிக்கும் மூன்று ‘ஏ’வுக்கும் மேலான, நான்கு ‘ஏ’ தரத்து ஆட்டம் என்று பதில் சொன்னார். செலவான தொகையை அந்த எழுத்துகளால் நியாயப்படுத்தலாம். அந்தப் பத்தாண்டுகளில் இளமையைக் கழித்தவர்களுக்கு அவற்றில் என்ன இருக்கிறது என்று எண்ணி அன்று மிகவும் வருந்தினேன்.

கனடாவின் பயோவேர் ஸ்டுடியோ செய்த ஆந்தம் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 2012 வாக்கில் தொடங்கி 2019 பிப்ரவரியில் வெளியான அந்த ஆட்டத்தில், மனிதர்கள் இயந்திரக் கவசம் பூண்டு பறப்பார்கள். விளையாடியவர்கள் அனைவரும், திட்டியவர்கள் உட்பட, ஒரே குரலில் புகழ்ந்தது அந்தப் பறத்தலைத்தான். ஆனால் செய்தியாளர் ஜேசன் ஷ்ரையர் அந்த ஆண்டு ஏப்ரலில் கோட்டாக்கில் எழுதிய நீண்ட கட்டுரையைப் படித்தால், பறத்தலை ஆட்டத்தில் சேர்ப்பதும் எடுப்பதுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன என்பது தெரியவரும். 2016ஆம் ஆண்டின் இறுதியில் செய்து காட்டிய டெமோ, தாய் நிறுவனமான இஏயின் உயர் அதிகாரி பேட்ரிக் சோடர்லுண்டுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த சில வாரங்களில் அவரை வியக்கவைக்கும்படி ஒன்று செய்தாக வேண்டும் என்ற நெருக்கடியில்தான் பறத்தல் திரும்பச் சேர்க்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானவர்கள் செய்ய இயலாத தீர்மானத்தை, வெளியிலிருந்து வந்த ஒருவரின் முகக்குறிப்பு செய்துவிட்டது.

அதே கட்டுரையில் இன்னொரு செய்தி. ஆட்டத்துக்கு முதலில் ‘பியாண்ட்’ என்று பெயர். 2017 ஈ3 கண்காட்சிக்கு அந்தப் பெயர் பொறித்த டீ-ஷர்ட்டுகள் அச்சாகிவிட்ட நிலையில், சில நாட்களுக்கு முன் பெயர் ஆந்தம் என மாறியது. கண்காட்சியில் காட்டிய முன்னோட்டத்தைப் பார்த்தபோதுதான், தாங்கள் எந்த ஆட்டத்தைச் செய்துகொண்டிருக்கிறோம் என்று செய்கிறவர்களில் பலருக்கே புரிந்தது என்கிறது கட்டுரை. அந்த வரியை வாசித்துவிட்டு நெடுநேரம் திரையை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஸ்டுடியோவிலும் முதலீட்டாளர்களுக்குக் காட்ட ஒரு பத்து நிமிட டெமோ தயாரித்தோம். அதை முடிக்க ஆறு வாரம் நள்ளிரவு வரை இருந்தோம். டெமோ ஓடி முடிந்ததும் என் பக்கத்தில் நின்ற அனிமேட்டர் ஒருவர், “ஓ, இதானா நம்ம கேம்?” என்று கேட்டார். அவர் இரண்டரை ஆண்டுகளாக அங்கே இருந்தவர்.

பயோவேரில் ‘பயோவேர் மாயம்’ என்றொரு சொல் வழங்கியதாம். எவ்வளவு குழப்பமாக இருந்தாலும் கடைசிச் சில மாதங்களில் எல்லாம் தானாகக் கூடிவந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்தப் பெயர். முந்தைய ஆட்டங்களில் அப்படிக் கூடிவந்ததும் உண்மை. ஆனால் கூடிவரச் செய்தது தூக்கமில்லாமல் உழைத்தவர்களின் உடம்பு. அதற்கு மாயம் என்று பெயர் வைத்துவிட்டால், தலைமை செய்யாமல் விட்ட வேலையை யார் செய்தார்கள் என்பது மறைந்துவிடுகிறது. ஆந்தம் வேலையில் மன அழுத்தம் தாங்காமல் மருத்துவர் சொல்லி மாதக்கணக்கில் விடுப்பெடுத்தவர்கள் உண்டு. ஆட்டத்தைச் சீர்செய்யும் முயற்சியும் 2021 பிப்ரவரியில் கைவிடப்பட்டது.

எங்கள் இயக்குநரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் அல்லர். ஒவ்வொருவரின் பிறந்தநாளையும் நினைவில் வைத்திருப்பார், யாரையும் கத்தியதில்லை. விளையாட்டுகளை உள்ளன்போடு நேசித்தார், அதுவே வினையாகவும் ஆயிற்று. உலகில் எந்த ஆட்டம் வெற்றி பெற்றாலும், அந்த வார இறுதி முழுவதும் அதை விளையாடிவிட்டுத் திங்கட்கிழமை அதன் சாயலோடு வருவார். கடைசியில் மிஞ்சுபவரே வெல்லும் சண்டை ஆட்டங்களான பப்ஜி 2017இலும், ஃபோர்ட்நைட் அந்த ஆண்டின் பிற்பகுதியிலும் உலகைப் பிடித்தபோது எங்கள் துறைமுக நகரம் மூடிய சண்டைக் களமானதன் காரணம் அதுதான். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றவை கைநழுவும் என்ற அச்சம் அவரை ஆட்டிவைத்தது. ஆகவே எல்லாவற்றையும் வைத்துக்கொண்டார். குதிரை, படகு, வாணிகம், சண்டை, மீன்பிடி, வீடு கட்டுதல் எல்லாம் ஆட்டத்தில் உண்டு என்றே நான்கு ஆண்டுகளும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் கலைக்குழுவின் தலைவர் ஈப்போவிலிருந்து வந்தவர். தமிழர்கள் மூவரும் அவரை அண்ணன் என்றே அழைத்தோம். அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டில், தேதி போட்டு, அன்று எடுத்த முடிவு என்ன, அது எந்தத் தேதியில் மாறியது என்று எழுதிவைப்பார். என் இரண்டாவது சந்தை போனபோது காப்பிக்கடையில் உட்காரவைத்து அந்த நோட்டைக் காட்டினார். வலப்பக்கம் காரணம் எழுத ஒரு பத்தி விட்டிருந்தார். அது பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. “தங்கச்சி, அவரு வேணாம்னு சொல்லிட்டா தாங்கிக்கலாம். அவரு எதையுமே வேணாம்னு சொல்ல மாட்டேங்கிறாரே, அதான் பிரச்சன” என்றார். தலைமை என்பதைப் பற்றி நான் கேட்டவற்றுள் இவ்வளவு துல்லியமாக வேறெவரும் சொன்னதில்லை.

இத்தனைக்கும் எங்கள் நிர்வாகத்தில் ஒழுங்குக்குக் குறைவில்லை. தயாரிப்பாளர் ஒவ்வொரு வாரமும் அட்டவணையைப் புதுப்பிப்பார். முடிந்த வேலைகள் பச்சை நிறத்தில் வரிசையாக நிற்கும். என் மூன்று சந்தைகளும் அதில் பச்சையாகத்தான் இருந்தன. அட்டவணை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், சேருமிடம் முடிவாகாத பயணத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடினோம் என்பதை மட்டுமே அது சொல்லும். சிங்கப்பூரில் வளர்ந்த நமக்கு அட்டவணைமேல் அளவுகடந்த நம்பிக்கை உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கட்டடம் ஒன்று எந்த மாதம் எத்தனையாவது மாடிக்கு உயரும் என்று சொல்ல முடிகிற ஊர் இது. ஆனால் அங்கே முதல் தூண் இறங்கும் முன்பே எத்தனை மாடி, எத்தனை வீடு என்று வரைபடத்தில் ஒருவர் கையெழுத்திட்டுவிடுகிறார். எங்களிடம் அட்டவணை இருந்தது, அந்தக் கையெழுத்து இல்லை.

மூன்றாம் ஆண்டில் வேலை பின்தங்கியபோது புதிதாகப் பதினைந்து பேரைச் சேர்த்தார்கள். பின்தங்கிய மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது மேலும் பின்தங்கும் என்று, ஐபிஎம் நிறுவனத்தின் பெரிய இயங்குதளத் திட்டத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார். ஏற்கெனவே தெரிந்தவர்கள் புதியவர்களுக்குக் கற்பிக்கச் செலவிடும் நேரமும், ஒருவரோடொருவர் பேசி இணைய வேண்டிய தொடர்புகள் பெருகுவதும் அதற்கு அவர் சொன்ன காரணங்கள். எங்கள் நிலைமையில் இன்னொன்றும் சேர்ந்தது. புதிதாக வந்த இளைஞர்கள் என்னிடம் “இது என்ன கேம், அக்கா?” என்று கேட்டார்கள். நான் சொன்ன பதிலும் பக்கத்து அறையில் இருந்தவர் சொன்ன பதிலும் வேறுவேறாக இருந்தன. பதினைந்து பேரும் தத்தமக்குக் கிடைத்த பதிலை நம்பிப் பதினைந்து திசைகளில் உழைத்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு என்பதால் ஃபைனல் ஃபேண்டசி 14 ஆட்டத்தின் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஜப்பானின் ஸ்குவேர் எனிக்ஸ் 2010 செப்டம்பரில் வெளியிட்ட அந்த இணைய ஆட்டம் படுதோல்வி கண்டது. அதே ஆண்டு டிசம்பரில் பொறுப்பை நவோகி யோஷிதாவிடம் ஒப்படைத்தார்கள். தோல்விக்கான காரணங்களைப் பின்னாளில் விளக்கும்போது அவர் ஒரு பூந்தொட்டியைக் காட்டினார். ஆட்டத்தின் ஓரத்தில் கிடக்கும் அந்தத் தொட்டி ஏறத்தாழ 1,000 பலகோணங்களால், அதாவது கணினி உருவத்தைக் கட்டும் சிறு தட்டைத் துண்டுகளால், ஆனது; ஒரு கதாபாத்திரத்துக்குச் செலவாகும் அளவே ஒரு தொட்டிக்கும் செலவாகியிருந்தது. அதனால் திரையில் ஒரே நேரத்தில் அதிக ஆட்டக்காரர்களைக் காட்ட இயலாமல் போனது. பலரும் கூடி விளையாட வேண்டிய ஆட்டத்தில் கூட்டத்துக்கே இடமில்லை.

பூந்தொட்டியைச் செய்த கலைஞரை நினைத்து எனக்கு நெஞ்சு கனக்கிறது. அவர் தன் வேலையை உயிரைக் கொடுத்துச் செய்திருப்பார், என் முக்காலியை நான் செய்ததைப் போல. இந்த ஆட்டத்தில் எது முக்கியம், தொட்டியா மனிதர்களா என்று சொல்ல வேண்டியது அவர் கடமையன்று. சொல்ல வேண்டியவர் சொல்லாதபோது, நல்ல கலைஞர்கள் ஒவ்வொருவரும் தம் முன்னால் இருப்பதே முக்கியம் என்று கொண்டு அதை அழகுபடுத்துவார்கள். சிதறிய திறமை ஓர் ஆட்டத்தை மூழ்கடிப்பது இப்படித்தான்.

யோஷிதா எடுத்த முடிவு கடுமையானது. உள்ள ஆட்டத்தை ஆடிக்கொண்டிருப்பவர்களுக்காகத் திருத்தியபடியே, மறுபுறம் ஆட்டத்தை இயக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சின் முதற்கொண்டு புதிதாகக் கட்டுவது என்று தீர்மானித்தார். 2012 நவம்பரில் பழைய உலகத்தின் மீது ஒரு பெரும் அழிவை வரவழைத்து அதைக் கதைக்குள்ளேயே முடித்துவைத்தார்கள். 2013 ஆகஸ்டில் புதியது வந்தது. இன்றுவரை உலகெங்கும் ஆடப்படுகிறது. அவரும் பல மாத உழைப்பைத் தூக்கி எறிந்தவர்தான். ஆனால் எதை எறிகிறோம், எதற்காக எறிகிறோம், பதிலுக்கு என்ன வரும், எப்போது வரும் என்று செய்கிறவர்களிடமும் ஆடுகிறவர்களிடமும் திரும்பத் திரும்பப் பேசினார். அண்ணனின் நோட்டில் வெறுமையாக இருந்த அந்த வலப்பக்கப் பத்தியை அவர் நிரப்பினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சைபர்பங்க் 2077 ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020 டிசம்பர் 10ஆம் தேதி வெளிவந்து, பழைய கன்சோல்களில் ஓட முடியாமல் திணறி, ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்து நீக்கப்பட்டதை விளையாட்டுப் பக்கமே வராதவர்கள்கூடச் செய்தியில் பார்த்திருப்பார்கள். அதில் நான் மதிப்பது ஒன்று. அதைச் செய்த சிடி ப்ராஜெக்ட் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான மார்ச்சின் இவின்ஸ்கி 2021 ஜனவரியில் காணொளியில் தோன்றி, எங்கள் குழுக்களைக் குறை சொல்லாதீர்கள், இறுதி முடிவெடுத்தவர்கள் நானும் இயக்குநர் குழுவும்தான் என்ற பொருளில் பேசினார். மிகவும் தாமதமான சொல்தான். கட்டாயக் கூடுதல் வேலை இராது என்று உறுதி கூறிவிட்டுப் பின்னர் வாரத்துக்கு ஆறு நாள் வேலை வாங்கிய நிறுவனம் அது. என்றாலும் என் பழைய ஸ்டுடியோவில் கடைசி நாள் கூட்டத்தில் நாங்கள் கேட்கக் காத்திருந்ததும் அப்படி ஒரு வாக்கியம்தான். சந்தை நிலவரம் மாறிவிட்டது என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

புதிய ஒன்றைப் படைக்கும்போது தடுமாற்றம் இருக்கத்தானே செய்யும், செய்து பார்த்து, அழித்து, மீண்டும் செய்வதுதானே கலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. மிகச் சரியான கேள்வி. எந்த ஆட்டமும் தாளில் எழுதியபடி வருவதில்லை. கையில் எடுத்து விளையாடிப் பார்த்தால்தான் அது சுவைக்கிறதா என்று தெரியும். சுவைக்காததை எறியத் துணியாதவர் இந்தத் தொழிலுக்கு ஆகமாட்டார். என் மூன்று சந்தைகளும் எறியப்பட்டது எனக்கு வருத்தமில்லை என்றுகூடச் சொல்வேன், அவற்றில் ஒன்றையாவது யாராவது விளையாடிப் பார்த்துவிட்டு எறிந்திருந்தால். சாம்பல் நிறப் பெட்டிகளை அடுக்கி, அவற்றைக் கடைகளென்று வைத்துக்கொண்டு, இரண்டு நாளில் ஒரு தெருவை உருவாக்கி அதில் குதிரையை ஓட்டிப் பார்த்திருந்தால், அகலம் போதுமா, குதிரை வேண்டுமா என்று அன்றே தெரிந்திருக்கும். ஏழு வாரம் வேண்டியிருக்காது. செய்து பார்த்து எறிவதில் ஒன்று தெரியவருகிறது. அடுத்த முறை கேள்வி சற்றுச் சிறியதாகிறது. எங்களுக்கோ நான்காம் ஆண்டிலும் கேள்வி முதல் நாளில் இருந்த அதே அளவில் இருந்தது.

இந்த வேறுபாட்டை இப்போது நான் மறுபக்கத்திலிருந்து எதிர்கொள்கிறேன். மூன்று ஆண்டுகளாக, ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டின் மாடியில், ஒன்பது பேர் கொண்ட சிறு குழுவை நடத்துகிறேன். 1983இல் சிங்கப்பூர் ஆற்றிலிருந்த சரக்குப் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றினார்கள். அதற்கு முந்தைய கடைசி மாதங்களில் ஆற்றில் படகோட்டும் ஒருவரின் கதைதான் எங்கள் ஆட்டம். ‘ஆட்டக்காரர் மூட்டைகளை ஏற்றி, ஆற்றில் ஓட்டிச் சென்று, இறக்குகிறார்’ என்ற ஒரே வரியைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதன் கீழே அண்ணனின் நோட்டைப் போலவே ஓர் அட்டை, தேதியும் முடிவும் காரணமும் எழுத. காரணம் எழுத முடியாத முடிவை எடுப்பதில்லை என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். முடிவெடுப்பது எவ்வளவு அச்சம் தரும் என்பதை இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகே உணர்ந்தேன். வேண்டாம் என்று நான் சொல்லும் ஒவ்வொன்றும் நல்லதாகவே இருக்கிறது. நல்லதாக இல்லாததை நீக்க யாருக்கும் தலைவர் தேவையில்லை. பழைய இயக்குநரின் அச்சம் எனக்கு இப்போது புரிகிறது. புரிவதால் அவர் செய்தது சரியாகிவிடாது.

சென்ற மாதம் அப்படி ஒன்று வந்தது. எங்கள் குழுவில் ஓர் இளைஞர், இருபத்து நான்கு வயது, ஐந்து மாதமாக ஆட்டத்தில் இரவைச் செய்துகொண்டிருந்தார். கரையோரக் கிடங்குகளின் மங்கிய விளக்கு, நீரில் கலையும் அதன் நிழல், தூரத்தில் ஒரு படகில் எரியும் அடுப்பு என்று அவ்வளவு அழகாக இருந்தது. பதினான்கு பேரை அழைத்து விளையாட வைத்தோம். இரவு வந்ததும் பதினொரு பேர் படகைக் கரையில் கட்டிவிட்டு, விடியும்வரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவில் ஏற்றுவதற்கு மூட்டை இல்லை. மூட்டை வைக்கலாம் என்றால் இரவுக்கென்று தனியாக வேலைகளும் மனிதர்களும் உரையாடல்களும் வேண்டும்; இன்னும் ஏழு மாதம். எங்களிடம் இருப்பது ஐந்து மாதச் சம்பளம்.

அட்டையில் எழுதுவதற்கு முன் அவர் மேசைக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். விளையாடியவர்களின் பதிவுகளை இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கணக்கையும் மறைக்காமல் காட்டினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இரவு இல்லாத ஆறு ஆறாகாது என்றார். ஒரு மணி நேரம் வாதாடினார், அவர் பக்கமும் நியாயம் இருந்தது. இறுதியில், முடிவு என்னுடையது, தவறாக முடிந்தால் அதுவும் என்னைத்தான் சேரும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அடுத்த மாசம் வந்து மறுபடியும் ராத்திரி வேணும்னு கேப்பீங்களா, அக்கா?” என்றார்.

“கேக்க மாட்டேன்.”

“அப்போ நானே எடுத்துடறேன். வேற யாரும் தொட வேணாம்.”

அன்று மாலை ஆறரைக்குள் விளக்குகளை ஒவ்வொன்றாக அவரே நீக்கினார். கடைசியாக அந்தப் படகின் அடுப்பை எடுக்கும் முன், அதைப் பகல் காட்சிக்கு மாற்றி, புகை மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வைத்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு அவருக்கு ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன், விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்த ஆட்டத்தின் பழைய வடிவத்திலிருந்து, வீட்டில் காட்டுவதற்கு.